எந்த ஆட்கள் என்று டாக்டர் கேட்டார்

என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் இருப்பது எங்களுக்கு முன்பே தெரியும். எண்ணெய் சேர்த்த பலகாரம் எதையாவது தின்றால் வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும். வெந்நீர் குடித்துவிட்டு ஒருக்களித்துப் படுப்பாள், சரியாகிவிடும். அப்படியே இரண்டு வருடம் ஓட்டினோம். போன பங்குனியில் ஒரு வியாழக்கிழமை காலையில் அந்த வெந்நீர் வைத்தியம் பலிக்கவில்லை. வாந்தி நிற்கவே இல்லை, காய்ச்சலும் கூடிவிட்டது. நான் கடை திறக்கப் போகாமல் அவளை ஆட்டோவில் ஏற்றினேன். எனக்குத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பூஜை சாமான் கடை. சூடம், சாம்பிராணி, விளக்குத் திரி, பித்தளைக் கிண்ணம். பத்தாவது வரை படித்தவன். பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் ஷட்டரைத் தூக்கியதில்லை. அன்றைக்குத்தான் ஆட்டோவில் இருந்தபடியே கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனேன்.

என் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிறாள். எங்களுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். அவள் அப்படித்தான்.

ஸ்கேன் எடுத்த சர்ஜன், பை பழுத்துச் சீழ் கட்டியிருக்கிறது, இன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்றார். மனைவி கட்டிலில் சுருண்டு கிடந்தாள். வலி வரும்போதெல்லாம், "நொப்பி, அம்மா, நொப்பி" என்றாள். தெலுங்கில் வலிக்கு அதுதான் சொல். ஊசி எடுத்துக்கொண்டு வந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"வலி கூடினா வாயில வந்ததெல்லாம் சொல்லுகா, பாவம்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு மனைவியின் வாயை முந்தானையால் துடைத்தாள். துடைத்தாளா மூடினாளா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும், மலையாளி. தமிழ்நாட்டில் படித்தவராம், இரண்டு பாஷையும் கலந்து பேசினார். கையில் ஒரு காகிதம்.

"சேச்சிக்கு இதுக்கு முன்னே ஆபரேஷன் வல்லதும் செய்திருக்கா?"

இல்லை என்றேன். ஒரே பிள்ளை, அதுவும் சுகப்பிரசவம்.

"வீட்டுல யாருக்காவது மயக்கம் கொடுத்து எழும்ப லேட் ஆனதுண்டா? அம்மா, அச்சன், கூடப்பிறந்தவங்க?"

"அவளுக்கு யாரும் கிடையாது டாக்டர்."

"நிங்ஙள் எந்த ஆளுகள்? கம்யூனிட்டி?"

எனக்குச் சுருக்கென்றது. கோயிலில் கேட்கலாம், கல்யாணத் தரகர் கேட்கலாம். ஊசி போடுகிறவருக்கு எதற்கு இது? என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"வெறுதே கேக்கல்ல சேட்டா. வயிறு காலியா இல்லாத பேஷண்டுக்கு நாங்க சட்டுனு வேலை செய்யற ஒரு மருந்து போடுவோம். சில ஆளுகளுக்கு அது சரியாவில்ல. வேற மருந்து இருக்கு, அதைப் போட்டுக்கலாம். அதான் கேக்கறேன். வைசியாவா? தெலுங்கு பேசற செட்டியார்?"

"நாங்க நாஞ்சில் நாட்டு வெள்ளாளராக்கும்" என்றாள் அக்கா. "அவளும் எங்க ஆளுதான்."

"இவர் சொல்லட்டும்" என்றார் டாக்டரம்மா, என்னைப் பார்த்து.

மனைவியின் கண் திறந்திருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு ஒருமுறை பிரிந்து மூடிக்கொண்டது.

"ஆமா டாக்டர். எங்க ஆளுதான்" என்றேன்.

அவர் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

என் மனைவி திருநெல்வேலிப் பக்கத்து ஒரு சிறிய டவுனில் மளிகைக்கடை வைத்திருந்த வைசியக் குடும்பத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். அந்தக் கடைக்கு எதிரே ஜவுளிக்கடையில் நான் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு முந்திய கதை, இந்த வயதில் அதை விவரித்து எழுதக் கூச்சமாக இருக்கிறது. கோயிலில் வைத்துத் தாலி கட்டினேன். அவள் வீட்டில் தலை முழுகிவிட்டார்கள். என் வீட்டிலும் சேர்க்கவில்லை. திருவனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா ஒருத்திதான், "வாலே, அவளையும் கூட்டிட்டு வா" என்றாள்.

ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். நாகர்கோவில் பக்கத்தில் தாய் தகப்பன் இல்லாத பெண், நம் ஆள், தூரத்து உறவு. யார் கேட்டாலும் இதுதான் பதில். அக்காவுக்கு மூன்று பெண் பிள்ளைகள். தம்பி வேற்று ஆளைக் கட்டினான் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளைகளைக் கட்டிக்கொடுப்பது எப்படி என்று அவளுக்கு அடிவயிற்றில் நெருப்பு. அதைத் தப்பென்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவள் போட்ட சோற்றைத் தின்றுதான் நான் கடை வைத்தேன்.

மனைவி எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டாள். எங்கள் சாஸ்தா கோயிலுக்கு வந்தாள், கொடை விழாவுக்குப் பொங்கலிட்டாள். பிள்ளையைத் தூங்கவைக்கும்போது மட்டும், வீட்டில் வேறு யாரும் இல்லையென்றால், தெலுங்கில் ஏதோ பாடுவாள். நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால்கூட நிறுத்திவிடுவாள். நான் பாடச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொஞ்ச காலத்தில் எனக்கே அது மறந்துபோயிற்று. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சொல்கிற அளவுக்கு அது பழகிவிட்டது.

ஒரு மணி நேரத்தில் முடியும் என்றார்கள். இரண்டு மணி நேரமாகியும் கதவு திறக்கவில்லை. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் லீவு சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தாள். பைபாஸில் டிராஃபிக் என்று மெசேஜ் வந்தது. பிறகு டாக்டரம்மா வெளியே வந்தார். தலையில் கட்டிய தொப்பிகூட எடுக்கவில்லை.

"ஆபரேஷன் கழிஞ்ஞு. பித்தப்பை எடுத்தாச்சு. பக்ஷே அவங்க சொந்தமா மூச்சு எடுக்கல. கை கால் அனக்கமில்ல. மிஷின்ல வச்சிருக்கோம்."

நான் கதவை நோக்கிப் போகப் பார்த்தேன், அவர் மறித்து நின்றார்.

"நான் போட்ட மருந்து ஐந்து, பத்து நிமிஷத்துல இறங்கணும். இறங்கல. அதனால இன்னொரு தடவை கேக்கறேன். உறப்பாணோ? காலையில சொன்னது உறுதிதானா?"

அக்காவின் கை என் மணிக்கட்டில் இருந்தது. அவள் இறுக்கினாள் என்று எழுதினால் அது அவள் மேல் பழி போடுவதாகும். அவள் பயத்தில் பிடித்திருந்தாள், அவ்வளவுதான். சுற்றி எங்கள் தெரு ஆட்கள் இரண்டு பேர், கேள்விப்பட்டு வந்தவர்கள், நின்றார்கள்.

"உறப்பு டாக்டர்" என்றேன்.

"அப்படீன்னா தலைக்கு ஸ்கேன் எடுக்கணும். மூளையில ரத்தம் எங்கயாவது நின்னுபோச்சான்னு பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

இரண்டாவது தடவையும் சொன்னேன். முதல் தடவை எனக்கு விஷயம் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டாவது தடவைக்கு என்னிடம் சமாதானம் ஒன்றும் இல்லை.

கேன்டீனுக்கு இறங்கும் படிக்கட்டுப் பக்கம் ஒரு மாடத்தில் சின்னப் பிள்ளையார் இருக்கிறார். அங்கே போய் நின்றேன். நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு, முப்பது வருடப் பழக்கம், அர்ச்சனைக்குச் சொல்வது போல அவள் பெயரைச் சொன்னேன், நட்சத்திரம் சொன்னேன், அடுத்தது கோத்திரம். சிவ கோத்திரம் என்று நாக்கில் வந்தது. எத்தனை கோயிலில், எத்தனை ஐயரிடம் அவளுக்காக அதைச் சொல்லியிருப்பேன்! அது பொய்யும் இல்லை. கட்டியவனுடைய கோத்திரம்தான் கட்டிக்கொண்டவளுக்கு. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதை நம்பித்தான் காலையில் அந்த அம்மாளிடம் "எங்க ஆளுதான்" என்றேன். அப்படிச் சொன்னபோது பாதி மனசு உண்மை என்றே நினைத்தது.

சொல்லப்போனவன் பாதியில் நிறுத்திவிட்டேன். தாலி கட்டினால் கோத்திரம் மாறும். அவள் அப்பன் ஆத்தாள் கொடுத்த ரத்தம் எப்படி மாறும்? இந்தச் சின்ன விஷயம் எனக்கு அந்த மாடத்தின் முன்னால்தான் உறைத்தது. பிள்ளையாருக்குத் தெரிந்ததை அந்த டாக்டருக்குச் சொல்லாமல் நான் இங்கே நின்று தேங்காய் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஓடினேன். கதவருகே நர்ஸ் மறித்தாள். நான் போட்ட சத்தம் அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

"அவ வைசியப் பொண்ணு டாக்டர்! தெலுங்குக்காரங்க! அவ அம்மையும் அப்பாவும் மாமன் மக, அத்தை மகன்! நான் பொய் சொன்னேன்!"

தெரு ஆட்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா சுவரைப் பிடித்து அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா வெளியே வந்து என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது மதி, இது போதும்" என்றார். "ஸ்கேன் இப்ப வேண்டா. அப்படீன்னா மருந்து தானே இறங்கும், நேரம் எடுக்கும். அதுவரை மிஷின் மூச்சு விடும். அறியாம இருக்க உறக்கத்துக்கும் மருந்து கொடுக்கறோம். ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு விடறேன். உட்காருங்க சேட்டா."

மகள் வந்த பிறகு அவர் மறுபடியும் வந்து எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். இந்த மருந்து உடம்பின் தசை எல்லாவற்றையும் தளர்த்திவிடும், மூச்சு விடும் தசையையும் சேர்த்து. ரத்தத்தில் ஒரு நொதி இருக்கிறது. அது அந்த மருந்தைச் சில நிமிஷத்தில் தின்று தீர்த்துவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி வேலை செய்யாது. மற்றபடி அவர்களுக்கு ஒரு குறையும் கிடையாது. ஓடலாம், ஆடலாம், நூறு வயது வாழலாம். இந்த மருந்து உடம்பில் ஏறும் நாள் வரை அவர்களுக்கே அது தெரியாது.

"எல்லா ஜனத்துலயும் இருக்கு, ஆனா ரொம்ப ரொம்ப அபூர்வம். மலையாளிகள்ல நான் ஒருத்தரைக்கூடப் பார்த்ததில்ல. சில கூட்டத்துல மட்டும் கூடுதல். பாரசீகத்திலிருந்து வந்த யூதர்கள்ல உண்டு. அலாஸ்கான்னு ஒரு பனிநாடு, அங்கே உள்ள ஆளுகள்ல உண்டு. பின்னே நம்ம வைசியர்கள்ல. நான் படிச்ச இடத்துல இதைக் கேக்காம ஊசியே எடுக்க மாட்டோம்."

"அதெப்படி மேடம், மூணும் மூணு மூலை?" என்று கேட்டாள் மகள்.

"தங்களுக்குள்ளேயே கட்டிக்கறாங்க இல்லே. அம்மா கிட்டருந்து ஒண்ணு, அச்சன் கிட்டருந்து ஒண்ணு, இரண்டும் கேடா வந்தாத்தான் பிரச்சினை. வெளியில கட்டினா இரண்டும் சேர்ந்து வர்றது குறையும். உனக்கு அம்மாகிட்டருந்து ஒண்ணு வந்திருக்கும். அப்பா வேற ஆளானதுகொண்டு நீ பெரும்பாலும் தப்பிச்சுட்டே. இருந்தாலும் டெஸ்ட் செய்துக்கோ."

நான் அந்தப் பனிநாட்டுக்காரர்களை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களிலும் ஒருத்தி வேறெங்கோ வாழ்க்கைப்பட்டுப் போயிருப்பாள். அங்கே அவளைக் கட்டிலில் போட்டு எந்த ஆள் என்று கேட்டிருப்பார்கள். அவள் புருஷன் என்ன சொல்லியிருப்பான்?

டாக்டரம்மா எழுந்து போகும்போது, "கூடப்பிறந்தவங்க இருந்தா உடனே சொல்லுங்க. அவங்களுக்கும் இருக்க வாய்ப்புண்டு" என்றார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, அம்மாக்கு கூடப்பிறந்தவங்க உண்டா?"

"ஒரு அண்ணன் இருக்கார்."

"அப்போ எனக்கு மாமா உண்டா?"

அவளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இல்லையென்று அக்கா வீட்டுக்காரர் மடியில்தான் உட்காரவைத்தோம். அந்தப் போட்டோ இப்போதும் வீட்டில் மாட்டியிருக்கிறது. என்னால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. அவள் அழுவாள், கத்துவாள் என்று பார்த்தேன். ஃபோனை எடுத்தாள். "ஊர்ப் பேரு சொல்லுங்க. கடைப் பேரு?" என்று கேட்டுத் தேடினாள். அரை மணி நேரத்தில் எண் கிடைத்துவிட்டது. மளிகைக்கடை இப்போது இரண்டு மாடியாம், போட்டோகூடக் காட்டினாள்.

அவளே பேசுகிறேன் என்றாள். நான் வாங்கிக்கொண்டேன்.

நான் யாரென்று சொன்னேன். கடையில் யாரோ பருப்பு கேட்பது மட்டும் கேட்டது. பிறகு, "சொல்லுங்க" என்றார் மைத்துனர். தங்கை உயிரோடு இருக்கிறாளா என்பதைத்தான் முதலில் கேட்க நினைத்தார் போல. கேட்க வாய் வரவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். மருந்தைப் பற்றிச் சொல்லி முடிக்கும் முன்னாலேயே குறுக்கிட்டார்.

"ஸ்கோலினா? ஸ்கோலின் போட்டாங்களா? ஐயய்யோ, நீங்க சொல்லலையா?"

அந்த மருந்தின் பெயர் எனக்கு அப்போதுதான் தெரியும். மளிகைக்கடைக்காரர் அவருக்கு நாக்கு நுனியில் இருந்தது.

"எங்க சித்தப்பா மகன் குடல்வால் ஆபரேஷனுக்குப் போயி ராத்திரி வரைக்கும் கண்ணு முழிக்கல. அப்பவே தெரியும் எங்களுக்கு. வீட்டுல அத்தனை பேருக்கும் ரத்தம் பாத்தாச்சு. எனக்கும் உண்டு. பிள்ளைங்க ஸ்கூல் பையில கூட எழுதி வச்சிருக்கோம், ஆக்சிடென்ட்டு கீக்சிடென்ட்டுன்னா யாராவது பாக்கட்டும்னு. எங்க ஆளுங்கள்ல இது எல்லாருக்கும் தெரியுமே!"

எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. அவள் எங்கள் ஆளாகிவிட்டாள் அல்லவா.

"அம்மா சாகுற வரைக்கும் இதைத்தான் சொல்லிட்டிருந்தா" என்றார் அவர். "கோவமெல்லாம் இருக்கட்டும், பிள்ளைக்கு இதைச் சொல்லிப்புடணும்னு. நீங்க திருவனந்தபுரத்துல இருக்கிறதா மட்டும் கேள்வி, விலாசம் தெரியாது. மிளகா வத்தல் தரகர் ஒருத்தர் மாசாமாசம் சாலைக்குப் போவார். அவர்ட்ட சொல்லி அனுப்புனோம். அவரும் ஒரு நாள் பூரா கடை கடையா விசாரிச்சிருக்கார். அப்படி ஒரு வைசியப் பொண்ணு இங்க இல்லவே இல்லைன்னு எல்லாரும் சொல்லிட்டாங்களாம்."

அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. நாளைக் காலையில் புறப்பட்டு வருகிறேன் என்றார் என்று மகள்தான் பிறகு சொன்னாள்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் மனைவியின் விரல் அசைந்தது. பிறகு கால். ஏழு மணிக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள், தானாக மூச்சு விடுகிறாள் என்றார்கள். அக்கா தரையில் விழுந்து கும்பிட்டாள். நான் டாக்டரம்மாவின் காலில் விழப்போனேன். அவர் பதறி விலகினார்.

மறுநாள் காலையில் என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். தொண்டை கம்மியிருந்தது, மெல்லத்தான் பேசினாள்.

"எனக்கு நடுவுல முழிப்பு வந்துட்டுங்க. ஆபரேஷன் முடிஞ்சி. கண்ணைத் திறக்கணும்னு நெனைக்கேன், எமை என் பேச்சைக் கேக்கல. மூச்சை யாரோ உள்ள தள்ளுதாங்க, யாரோ வெளிய இழுக்காங்க. செத்துட்டேன் போலன்னு நெனைச்சேன். அப்புறம் அந்த டாக்டரம்மா பேசுனது கேட்டுது. கம்யூனிட்டி என்னன்னு புருஷன்கிட்ட இன்னொரு தடவை கேட்டுப் பாக்கேன்னாங்க."

நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத்தான் தெரியுமே. நான் வைசியா, நான் வைசியான்னு உள்ளுக்குள்ள கத்துதேன். நாக்கு அசையல. சரி, அவுக சொல்லிருவாகன்னு காத்துக்கிட்டே இருந்தேன். அவங்க திரும்பி வந்தாங்க. இல்லையாம், அவர் உறுதியாச் சொல்லுதாருன்னாங்க."

கம்மிய தொண்டையில் எச்சிலை விழுங்கினாள்.

"அதுக்கப்புறம் ஒறங்கிட்டேன். மருந்து கொடுத்துருப்பாங்க."

மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன். அந்த வார்த்தை சில்லறைக் காசு மாதிரி அற்பமாகத் தோன்றியது. அவளே சொன்னாள். "நேத்து காலையில நானும்தானே வாயைத் திறக்கல. நாக்கு அசைஞ்சப்ப நானும் சொல்லல. அதுனால ஒங்கள மட்டும் எப்படிச் சொல்லுவேன்?"

மைத்துனர் மத்தியானம் வந்தார். கையில் அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளும், பை நிறைய மிட்டாயும். தங்கையைப் பார்த்ததும் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவளும் தெலுங்கில் பதில் சொன்னாள், முதலில் தடுமாறி, பிறகு வேகமாக. மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அக்கா கதவுக்கு வெளியேயே நின்றாள். நான் கூப்பிட்டேன்.

"நான் எந்த மொகத்த வச்சிட்டு உள்ள வருவேன், போலே" என்றாள். பிறகு சடாரென்று கோபம் வந்துவிட்டது. "உயிரு போற நேரத்திலயும் மறைச்சு வைலேன்னு நான் எப்பவாச்சும் சொன்னேனா? சொன்னேனா? நீ ஒரு பொட்டன்."

சொல்லவில்லை. அவள் ஒருபோதும் அப்படிச் சொல்லவில்லை. அதுதான் என்னை வாட்டுகிறது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

மனைவி வீட்டுக்கு வந்து பத்து நாளாயிற்று. பர்ஸில் வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். எந்த மருந்து கூடாது என்று அதில் சிவப்பு எழுத்தில் இருக்கும். மகளுக்கும் சோதனை செய்தார்கள். டாக்டரம்மா சொன்னபடியே, பயப்பட ஒன்றும் இல்லை. நூற்றெட்டுத் தேங்காயை நான் இன்னும் உடைக்கவில்லை. போனேன், சன்னிதியில் நின்றேன், திரும்பி வந்துவிட்டேன். ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. மைத்துனரிடம் ஃபோனில் பேசிய நிமிஷத்திலிருந்து அது என் நெஞ்சில் கல் மாதிரி கிடந்தது. மைத்துனருக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இனி அதனால் யார் உயிருக்கும் ஆபத்தில்லை. சொல்லாமல் இருந்துவிடலாம் என்று பத்து நாளும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாமி கும்பிடப் போகும்போதுதான் கால் முன்னே போக மறுத்தது.

அன்றைக்கு மத்தியானம் அவள் முற்றத்தில் உட்கார்ந்து துவரம்பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"ஒங்க அம்மா அனுப்புன அந்த வத்தல் தரகர்" என்றேன். "கடை கடையா விசாரிச்சாருன்னு ஒங்க அண்ணன் சொன்னாரே. அவர் என் கடைக்கும் வந்தார்."

முறம் நின்றது.

மகள் அப்போது எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்தாள். உச்சிவெயில் நேரம். வயதானவர், தோளில் துண்டு, கடைப் படியில் நின்றபடியே கேட்டார். எங்க ஊர் மளிகைக்கடைப் பொண்ணு, நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருத்தரைக் கட்டிக்கிட்டு இங்க வந்துச்சு, வைசியப் பொண்ணு, தெரியுமா தம்பி? நான் சூடப் பாக்கெட்டை அடுக்கிக்கொண்டே, அப்படி யாரும் இந்தச் சாலையிலேயே கிடையாது என்றேன். அவர் போகவில்லை. அவுக அம்மா ஒரு விஷயம் சொல்லச் சொன்னாங்க, முக்கியமான விஷயம், எங்கயாவது பாத்தா, என்று ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை. "இல்லைன்னு சொன்னேனே அண்ணாச்சி" என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன்னிடமும் சொல்லவில்லை. உன் அம்மா உன்னைத் தேடினாள் என்பதைக்கூடச் சொல்லவில்லை.

இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். ஆஸ்பத்திரியில் சொன்னது போல இதற்கும் அவள் பாதிப் பொறுப்பை எடுத்துக்கொள்ள முடியாது. இது என்னுடையது மட்டும்.

அவள் ஒரு பருப்பைப் பொறுக்கி எடுத்தாள், கல் என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடியும் போட்டாள்.

"படியில நின்னாருன்னீங்களே. உள்ள வந்து உக்காரச் சொல்லலையா?"

"இல்லை."

"வெயில்ல வந்த மனுசன். எங்க அம்மா சொல்லி வந்தவரு." அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தண்ணியாவது குடுத்தீங்களா அவருக்கு?"

கொடுக்கவில்லை என்றேன்.